மருந்தைப் பிடித்துக்கொண்ட தண்ணீர்

ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. கைராசிக்காரர் என்றால்தான் தெரியும். வயல்களுக்குக் களை மருந்து அடிப்பது அவர் தொழில். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். மருந்து கடையில் கிடைக்கிறது, முதுகில் மாட்டிக்கொண்டு தெளிக்கிற மிஷின் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் அவர் அடித்தால் களை சாகும். மற்றவர்கள் அடித்தால், சாகலாமா வேண்டாமா என்று களை யோசிக்கும். பல வருடங்களாக ஊர் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவரும் ஒரு நாளும் மறுத்ததில்லை. “மருந்து புட்டியில இல்லங்க, கையில இருக்கு” என்று அவரே சொல்லித் திரிந்தார். புகழ்ச்சியைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வதில் அவருக்கு நிகர் அவர்தான்.

மற்றபடி தங்கமான மனிதர். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, கடன் சொல்வதில்லை. மனதில் இருப்பதை வாய்க்குக் கொண்டுவர மட்டும் தெரியாது. வேலை விஷயம் என்றால் மணிக்கணக்கில் பேசுவார். மிஷினுக்கு ஒரு வாஷர் வேண்டுமென்றால் தெருமுனை வரை கேட்கும்படி கேட்பார். ‘நீ எனக்கு வேண்டும்’ என்று ஒரு ஆளிடம் சொல்ல வேண்டுமென்றால் நாக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். இந்தக் கதை முழுக்க அந்த நாக்கு செய்த வினைதான்.

மகளுக்குப் பிரசவம் என்று அவர் மனைவி நகரத்துக்குப் போனாள். குழந்தைக்குத் தலை நின்றதும் திரும்பி வருவதாகத்தான் பேச்சு. பேரனுக்குத் தலையும் நின்றது, குப்புற விழவும் பழகினான். அப்போது ஒரு நாள் மனைவி போனில் கேட்டாள்: “அங்க எப்படி இருக்கீங்க? சிரமமா இருந்தா சொல்லுங்க, நான் கிளம்பி வந்துடறேன்.”

அவர் அன்றைக்குக் காலையில்தான் பாத்திரத்தை அடிப்பிடிக்க விட்டு, அதைச் சுரண்டிச் சுரண்டி விரல் நகத்தைப் பெயர்த்திருந்தார். அதைச் சொல்லியிருக்கலாம். பாவம், கைக்குழந்தையோடு மகள் தவிக்கிறாளே, இந்த நேரத்தில் மனைவியைக் கூப்பிட்டு மகளை எதற்குக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று பெருந்தன்மை வந்துவிட்டது. “எனக்கென்ன? நீ இல்லாமலும் வீடு நல்லாத்தான் ஓடுது” என்றார்.

நல்ல வார்த்தை சொல்லிவிட்டதாகவே நினைத்தார். அவள், “அப்படியா, சரி” என்றாள். அதற்கப்புறம் அவள் வருகிற பேச்சை எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். சாப்டீங்களா, சாப்டேன். மழை உண்டா, உண்டு. பேரனைக் காட்டுகிறேன் என்று போனைத் திருப்புவாள். பேரன் போனைப் பறித்துக்கொள்வான். தாத்தாவுக்கு அந்த வீட்டு மின்விசிறிதான் நன்றாகத் தெரியும். இப்படியே ஒரு மழைக்காலம் போய் அடுத்த விதைப்பும் வந்துவிட்டது.

வீடு ஓடிக்கொண்டுதான் இருந்தது, நொண்டிக்கொண்டு. வேலை முடிந்து வந்து தன் வீட்டுப் பூட்டைத் தானே திறப்பது அவருக்குப் புதிது. அத்தனை வருடத்தில் அவர் சாவி என்ற ஒன்றைத் தூக்கி நடந்ததே இல்லை. அடுப்பருகே நின்றபடியே சாப்பிட்டுவிடுவார், உட்கார்ந்தால் எதிர் நாற்காலியைப் பார்க்க வேண்டிவரும். கட்டிலில் அவள் பக்கத்தில் துவைத்த துணி, துவைக்காத துணி, மிஷினின் பழைய குழாய் என்று கொண்டுபோய்ப் போட்டு மேடு கட்டி வைத்திருந்தார். காலி இடமாக இருப்பதற்கு அது தேவலை. ராத்திரியில் டிவியைச் சத்தமாக வைப்பார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டுக்குள் யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும். ஆக, மனிதர் தனிமையில் வெந்துகொண்டிருந்தார். அது அவருக்குத் தெரியும். ‘வந்துடு’ என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல ஏதாவது காரணம் கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தார். காரணமே இல்லாமல் சொல்லலாம் என்பது அவர் மண்டைக்கு எட்டவில்லை.

அந்த வருடம் கைராசி வேறு சதி செய்தது. முதலில் ஒரு பழத்தோட்டத்தில் அடித்தார். புல் நுனி மட்டும் மஞ்சளாகி, பிறகு வெட்கமே இல்லாமல் பச்சைக்குத் திரும்பிவிட்டது. அடித்த அன்றைக்கு மழை வந்திருக்கும் என்று சமாளித்தார். அடுத்து ஒரு காய்கறிக்காரரின் வரப்பு. புல் முற்றிப்போயிருந்தது என்றார். மூன்றாவதாக மாட்டியது சோளக்காரரின் வயல்.

சோளக்காரர் அவருக்கு நெடுநாள் சிநேகிதர், வயதில் இளையவர். ஊரிலேயே பெரிய மக்காச்சோள வயல் அவருடையதுதான். விதைப்பதற்கு முன்னால் கோரைப்புல்லையும் அருகம்புல்லையும் அழித்தாக வேண்டும். இல்லையென்றால் சோளம் முளைக்கும் முன்பே அவை உரத்தைத் தின்று ஏப்பம் விட்டுவிடும். வழக்கம்போல நம் ஆள்தான் மருந்து அடித்தார். வெயில் பார்த்து, காற்று பார்த்து, அளவு பார்த்து அடித்தார். ஒரு குறை சொல்ல முடியாது. பத்து நாள் கழித்துச் சோளக்காரர் கூப்பிட்டு அனுப்பினார்.

போய்ப் பார்த்தால் கோரை கொழுகொழுவென்று நிற்கிறது. மருந்து அடித்த வயலா, எரு போட்ட வயலா என்று சந்தேகம் வரும். வயலை உற்றுப் பார்த்துக்கொண்டு இருவரும் வரப்பில் நின்றார்கள்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க” என்று சோளக்காரர் தொடங்கினார். அப்படித் தொடங்கினாலே கோபம் வருகிற மாதிரி ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். “மருந்த அளவு குறைச்சு ஊத்திட்டீங்களா?”

“என்னப் பாத்தா கேக்குற?”

“இல்லண்ணே, ஊர்ல பேசிக்கிறாங்க. அண்ணி போனதுல இருந்து உங்களுக்குக் கவனம் சரியில்லன்னு. கைராசியும் அண்ணி கூடவே வண்டி ஏறிடுச்சுன்னு.”

சோளக்காரர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கைராசிக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. மருந்தைத் திருடினாய் என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பார். இதற்கு என்ன சண்டை போடுவது? மென்று விழுங்கிவிட்டு, “புட்டியில கோளாறா இருக்கும்” என்று பழியைத் தூக்கி மருந்துக்கடை மேல் போட்டார்.

பழி கடைக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே மருந்துக்கடை நடத்துகிற பெண் தன் ஸ்கூட்டரில் அவர் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். விவசாயம் படித்தவர். சிரித்த முகம், ஆனால் தன் கடைச் சரக்கைக் குறை சொன்னால் விடமாட்டார். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை ஐயா என்பார். இருவருக்கும் நடுவில் அதுவரை ஒரு சச்சரவும் இருந்ததில்லை.

“ஐயா, அதே பெட்டியில இருந்த மருந்து பக்கத்து ஊருக்கும் போயிருக்கு. அங்க எல்லாம் கருகிக் கிடக்கு. அதனால புட்டிய விட்டுடுவோம். நீங்க கலக்குற தண்ணிய ஒரு தடவ பாக்கலாமா?”

“தண்ணியில என்ன மேடம் இருக்கு? கண்ணாடி மாதிரி இருக்கும். பாருங்க.”

வாசலில் போர்வெல் குழாய் இருந்தது. அதன் கீழே சின்ன மோட்டார் வண்டியில் இரண்டு நீல டிரம் ஏற்றி நிறுத்தியிருந்தார். எந்த வயலுக்குப் போனாலும் தண்ணீரைக் கூடவே கொண்டுபோவது அவர் வழக்கம். போன இடத்தில் குட்டையைத் தேடி, சேற்றுத் தண்ணீரில் மருந்தைக் கலக்கிக் கெடுக்கிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. சேறு மருந்தைத் தின்றுவிடும் என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் தெளிந்த தண்ணீர் என்று அவ்வளவு பெருமை.

அந்தப் பெண் பையிலிருந்து தீக்குச்சி அளவில் ஒரு காகிதத் துண்டை எடுத்து, டிரம்முக்குள் விட்டு எடுத்தார். பச்சையாக இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருஞ்சிவப்பாக மாறியது. டப்பாவில் இருந்த வண்ணக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கட்டங்களிலேயே கடைசிக் கட்டத்தில் போய் நின்றது.

“இந்தத் தண்ணியில சோப்பு நுரைக்காதே ஐயா?”

“நுரைக்காது. தலைக்கு ஊத்துனா முடி கயிறாயிடும்.”

“கொதிக்க வெச்சா பாத்திரத்துல வெள்ளையாப் படியுமா?”

“சட்டி பூராச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு.”

“அதேதான். சுண்ணாம்புச் சத்து. கண்ணுக்குத் தெரியாது. இந்த மருந்து இருக்கே, அது சுண்ணாம்பக் கண்டா விடாது ஐயா, ஓடிப்போய் ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா அப்புறம் இலைக்குள்ள இறங்காது. நீங்க ஊத்துனதுல பாதிக்கு மேல மிஷினுக்குள்ளயே கல்யாணம் முடிச்சுக்கிச்சு. மீதிதான் வயலுக்குப் போச்சு. அது களைக்குச் சளி புடிக்க வெக்கக்கூடப் பத்தாது.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப மருந்த ரெண்டு பங்கா ஊத்துனா?”

“வேணவே வேணாம். தண்ணியச் சரி பண்ணா போதும். மழைத்தண்ணி இருந்தா ரொம்ப நல்லது, அதுல சுண்ணாம்பே கிடையாது. இல்லன்னா, மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி அமோனியம் சல்பேட் உரத்த இந்தத் தண்ணியில நல்லாக் கரைச்சுடுங்க. சுண்ணாம்பு அதக் கட்டிக்கிட்டு மருந்த விட்டுடும். முன்னாடி உரம், பின்னாடி மருந்து. மாத்திச் செஞ்சா பிரயோஜனம் இல்ல.”

“மேடம், நீங்க சொல்றது ஒண்ணும் எனக்கு ஒத்து வரல. இத்தன வருஷமா இதே தண்ணிதான். இதே குழாய். களை சாகலையா?”

அந்தப் பெண் காகிதத் துண்டை மறுபடியும் பார்த்தார். “இந்தத் தண்ணியில செத்திருக்காது ஐயா. சத்தியமாச் சொல்றேன். டிரம்முல தண்ணி நிரப்புறது எப்பவும் நீங்கதானா?”

கைராசிக்காரர் திரும்பி டிரம்மைப் பார்த்தார். மனைவி போன பிறகுதான் குழாயைத் திறந்து அவரே நிரப்புகிறார், அதற்கு முன்னால் எங்கே நிரப்பினார்? காலையில் வாசலுக்கு வந்தால் டிரம் தளும்ப நிற்கும். ஏறி வண்டியைக் கிளப்பிப் போய்விடுவார். சட்டைப் பையில் பேனா இருப்பது மாதிரி, செருப்பு வாசலில் இருப்பது மாதிரி, தண்ணீரும் டிரம்மில் இருக்கும். அது எப்படி வந்தது என்று யார் கேட்டார்கள்?

“வீட்டுல நிரப்புவாங்க” என்றார் மெதுவாக.

“அப்ப அவங்களத்தான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஸ்கூட்டரைத் திருப்பினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, “ஐயா, பின் கழுத்துல சேறு காஞ்சு அப்பியிருக்கு, பாத்தீங்களா?” என்றார்.

தொட்டுப் பார்த்தார், ஓடு மாதிரி இருந்தது. எத்தனை நாளாக அங்கே இருக்கிறதோ, அவருக்குத் தெரியாது. தன் கழுத்தைத் தானே பார்க்க யாரால் முடியும்?

பெண் போன பிறகு அவர் வெகு நேரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு காலம் கைராசி கைராசி என்று கையை ஆட்டிக்கொண்டு அலைந்தது எல்லாம் நினைவுக்கு வந்து முகம் சூடானது. கை அல்ல, தண்ணீர். அதுவும் அவர் கை படாத தண்ணீர். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. ‘அவங்களத்தான் கேக்கணும்.’ கேட்க ஒரு விஷயம் கிடைத்துவிட்டது! கொஞ்சம் யோசித்திருந்தால், எழுந்து போய்க் கொல்லைப்புறத்தை ஒரு பார்வை பார்த்திருந்தால், விடை அவருக்கே தெரிந்திருக்கும். அவர் யோசிக்கவில்லை. யோசித்தால் போன் பண்ண வேண்டிய அவசியம் போய்விடுமே.

ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில், அவராக அவளைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“என்னங்க? உடம்புக்கு ஏதாவதா?”

“சேச்சே, ஒண்ணுமில்ல. தொழில் விஷயம்.”

“ஓ” என்றாள். பதற்றம் இறங்கிவிட்டது. கூடவே வேறு ஏதோ ஒன்றும் இறங்கின மாதிரி இருந்தது.

“டிரம்முல எந்தத் தண்ணி ஊத்துவ?”

“எந்த டிரம்முல?”

“மருந்து வண்டி டிரம்முல. வாசல் குழாய்லதான புடிப்ப?”

“குழாய்லயா? இல்லையே. பின்னாடி மழைத்தொட்டியில இருந்து எடுத்து ஊத்துவேன். ஏன்?”

சமையலறைக்குப் பின்னால், தகரக் கூரையிலிருந்து வழிகிற மழைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. துணி துவைக்கத்தான் அது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

“மழைத்தண்ணியில மருந்து நல்லா வேல செய்யும்னு உனக்கு யாரு சொன்னா?”

“மருந்தா? அத யாரு பாத்தா?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்க வேல முடிச்சதும் வயல்லயே, டிரம்முல மிச்சமிருக்கிற தண்ணியிலதான கை கால் கழுவுவீங்க. குழாய்த் தண்ணி பட்டா உங்க கை வெடிச்சு ரத்தம் வரும். கல்யாணம் ஆன புதுசுல பாத்தேன். அதான் தொட்டித் தண்ணி. கோடையில தொட்டி வறண்டா வாய்க்கால்ல எடுத்துட்டு வந்து, தெளிய வெச்சு, துணியில வடிகட்டி ஊத்துவேன். இது ஒரு விஷயமா?”

அவர் தன் கையைப் பார்த்தார். உள்ளங்கை ஓரமெல்லாம் வெடித்து, வெடிப்பில் மண் ஏறியிருந்தது. வயசாகிறது என்று எண்ணியிருந்தார். “எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே” என்றார்.

“நீங்க கேக்கலையே.”

அந்த இடத்தில் அவர் பேசியிருக்க வேண்டும். அதைவிட நல்ல வாய்ப்பு ஒருவனுக்கு வாழ்நாளில் வராது. தொண்டை வரை வந்தது. உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. “அவ்வளவுதானா? வேற ஒண்ணுமில்லையே?” என்று அவள் கேட்டாள். “அவ்வளவுதான்” என்றார் நம் வீரர்.

அடுத்த நாள் விடிந்ததும் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்க ஆரம்பித்தார். தொட்டி விளிம்பு வரை நிறைந்து நின்றது. மழைக்காலம் முழுவதும் யாரும் தொடவில்லை. மூடியைத் தூக்கி, குனிந்து, வாளியில் மொண்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, வண்டிமேல் கையை உயர்த்தி டிரம்முக்குள் ஊற்ற வேண்டும். முதல் டிரம் பாதி நிரம்புவதற்குள் அவருக்கு இடுப்பு விட்டுப்போனது. இரண்டாவது டிரம்மின்போது தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. முதுகில் மிஷினைச் சுமந்து வயல் வயலாக நடக்கிறேன் என்று ஊருக்கெல்லாம் அலுத்துக்கொண்டவர் அவர். தினமும் அவர் எழுவதற்கு முன்னால் இந்த வாளிகளைச் சுமந்தவள் ஒரு வார்த்தை அலுத்துக்கொண்டதில்லை. வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அழுகையாக வந்தது. பார்க்க யாரும் இல்லை என்பதால் கொஞ்சம் அழுதார்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சோளக்காரரின் வயலுக்குப் போனார். மழைத் தண்ணீரே போதும் என்றாலும், மருந்துக்கடைப் பெண் சொன்னபடி மிஷினில் முதலில் உரத்தையும் கரைத்தார், பிறகுதான் மருந்தை ஊற்றினார். காற்று அடங்கிய நேரம் பார்த்து, வயலை ஒரு மூலை விடாமல் அடித்தார். மிச்சத் தண்ணீரில் கை கழுவியபோது சோப்பு பொங்கப் பொங்க நுரைத்தது.

கோரை இந்த முறை யோசிக்கவில்லை. நுனி மஞ்சளானது, மஞ்சள் இலை முழுக்கப் பரவியது. அடுத்த வாரக் கடைசியில் வயல் முழுக்கப் பழுத்துச் சாய்ந்துவிட்டது. சோளக்காரர் வரப்பில் நின்று அவர் தோளைத் தட்டினார். “கைராசின்னா கைராசிதான்! நான் அன்னைக்குச் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்கண்ணே.”

“கை இல்லப்பா. தண்ணி.”

“பெரிய மனுஷன் பேச்சு!” என்று சோளக்காரர் சிரித்தார். நம்பவில்லை. ஒரு பேர் வந்துவிட்டால் அதைக் கழற்றிப் போடுவதும் சுலபமில்லை.

கைராசிக்காரர் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து உள்ளே நின்றார். எல்லாம் சரியாகிவிட்டது. களை செத்தது, பேர் மீண்டது, தண்ணீரின் சூட்சுமம் தெரிந்தது. அவளிடம் கேட்க இனிமேல் ஒன்றுமே மிச்சமில்லை. மருந்து வேலை செய்யாமல் இருந்தபோது இருந்த தெம்பு, வேலை செய்தபோது போய்விட்டது. இனி நிஜமாகவே அவள் இல்லாமல் வீடு ஓடிவிடுமோ என்று அவருக்குப் பயம் வந்தது. அன்றைக்கு டிவியைக்கூடப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. சாப்டீங்களா, சாப்டேன். மழை உண்டா, இல்லை. மின்விசிறி தெரிந்தது. பிறகு அவள் முகம் வந்தது.

“களை செத்துச்சா?”

அவர் வாய் அவரைக் கேட்காமலே பேசியது. “இல்ல.”

“சாகலையா?”

“அப்படியேதான் நிக்குது. தொட்டித் தண்ணிய நான் எடுத்த விதம் சரியில்லையோ என்னவோ. அதுல ஏதோ பக்குவம் இருக்கும் போல. நீ ஒரு நட வந்து பாத்தேன்னா...”

அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து அவரை உற்றுப் பார்த்தாள்.

“சோளக்காரர் வீட்டம்மா நேத்தே போட்டோ அனுப்பிட்டாங்க. வயல் பூராக் காஞ்சு கெடக்கு. உங்களப் பத்தி ஒரே புகழ்ச்சி.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. போனை வைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

“உங்களுக்கு வாக்கப்பட்ட நாள்ல இருந்து பாக்கறேன்” என்றாள் அவள். “களை சாகாதப்பகூடச் சாகலன்னு நீங்க சொன்னதில்ல. பழிய மழை மேல போடுவீங்க, வெயில் மேல போடுவீங்க. இன்னைக்குச் செத்துப்போனத சாகலங்கறீங்க. என்னதாங்க வேணும் உங்களுக்கு?”

காரணம் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. கையில் ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்.

“என்னால இங்க தனியா இருக்க முடியல.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து பேரன் ஏதோ பாத்திரத்தைத் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? வரட்டுமான்னு கேட்டேனே. வீடு நல்லா ஓடுதுன்னீங்க. நான் எதுக்கு அங்கன்னு ஆயிடுச்சு. பொண்ணு வேலைக்குப் போகணும்னு சொன்னா. போ, நான் இருக்கேன், பையன் பள்ளிக்கூடம் போற வரைக்கும் நான் பாத்துக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அவளும் சேந்துட்டா. இப்ப எப்படிங்க விட்டுட்டு வருவேன்?”

கேட்டவர் மனதில் ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. பேரன் இன்னும் நிற்கவே பழகவில்லை. பள்ளிக்கூடம் போவதற்கு எத்தனை மழை, எத்தனை விதைப்பு. ஆனால் பழக்கதோஷம் சும்மா விடுமா? “அதனால என்ன, எனக்கென்ன...” என்று ஆரம்பித்தார். பாதியிலேயே தன் குரல் தன் காதில் விழுந்தது. நிறுத்திக்கொண்டார்.

“நீங்க இங்க வாங்க” என்றாள்.

“அங்கயா?”

“ஆமா.”

“அங்க எனக்கு என்ன வேல இருக்கு? மூணாவது மாடி. புல்லு மொளைக்கக்கூட ஒரு பிடி மண்ணு கிடையாது. நான் வந்து அங்க என்ன செய்வேன்?”

“ஒரு வேலையும் இல்ல” என்றாள் அவள். “சும்மா வாங்க.”

அவரை மருந்து அடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். மிஷினைப் பழுது பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், மகள் கல்யாணத்தில் பந்தல் பிரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். சும்மா வா என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. சமையலறை ஜன்னலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கண் கலங்கி அது சரியாகத் தெரியவில்லை.

“என்னங்க? லைன்ல இருக்கீங்களா? நான் சொன்னது கேக்குதா?”

“கேக்குது” என்றார். குரல் உடைந்ததால் அது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததோ என்னவோ என்று, தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார்: “நல்லாக் கேக்குது.”